‘புதுசு ஏதாவது உண்டா?’

2017 ஜூலை முதல் வாரம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், சட்டைப் பையில் ஒரு பென் டிரைவும் வாய் நிறைய புழுதியுமாக பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆசாமியை நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான்.

தொழில்? பில் போடுகிற ஸாஃப்ட்வேர் ஒன்றை சொந்தமாக எழுதி, எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு விற்பது. செஞ்சி பஜாரில் ஆரம்பித்து மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று மொத்தம் 41 கடை. சென்னையில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் நண்பர்களிடம் 41 என்று சொன்னால், ‘ஆயிரமா?’ என்று கேட்பார்கள். இல்லை சார், வெறும் 41. அந்த 41 பேரும் என்னை ஸாஃப்ட்வேர் இன்ஜினீயர் என்றெல்லாம் சொல்வதில்லை. ‘பில்லுக்காரத் தம்பி.’ பால்காரர், கேஸ்காரர் வரிசையில் நான்.

அந்த ஜூலை 1-ம் தேதிதான் ஜி.எஸ்.டி. வந்தது. ‘வாட்’ வரி போய், 5, 12, 18, 28 என்று புதுப் புது சதவிகிதங்கள். பழைய ப்ரோக்ராமில் பில் போட்டால் ஆடிட்டர் அடிக்க வருவார். ஆக, 41 கடைக்கும் புது ப்ரோக்ராமைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். எப்படி? இருக்கவே இருக்கிறது பென் டிரைவ். இருக்கவே இருக்கிறது பைக்.

ஒரு நாளைக்கு ஆறு கடை. நான்காம் நாள், ஏதோ ஒரு கடைக் கம்ப்யூட்டரிலிருந்து என் பென் டிரைவுக்கு வைரஸ் தொற்றிக்கொண்டது. ஃபோல்டரையெல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆக மாற்றுமே, அந்த ஜாதி. நான் கவனிக்கவில்லை. அடுத்த ஐந்து கடைக்கும் பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அம்மை குத்த வந்தவனே அம்மையைப் பரப்பின கதை!

அந்த ஐந்தில் ஒன்று, மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெரியவருடைய கடை. ஒரு கணக்கும் தொலையவில்லை. ஆனால் அரை நாள் வியாபாரம் போச்சு. சத்தம் போடவில்லை மனுஷர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

“ஏம்ப்பா, வரி மாத்த வந்தியா, வாந்திபேதி பரப்ப வந்தியா?”

இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

அடுத்த சோதனை 2022 ஜூலை 18. பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, 25 கிலோ வரை இருந்தால் 5 சதவிகிதம் வரி என்றார்கள். நெல்லுக்குப் பேர் போன ஊர் சார் செஞ்சி. அறுவடைக் காலத்தில் எங்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்து பாருங்கள், மூட்டைகளுக்கு நடுவே மனுஷன் நடக்க வழி இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் அரிசிக்கு வரி என்றால் சும்மா விடுவார்களா? தமிழ்நாட்டு ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள்! ஒரு கிலோ கூட, வரி பூஜ்யம். அவர்கள் சாமர்த்தியம் அவர்களுக்கு. என் கஷ்டம் எனக்கு. சிப்பத்தின் எடையைப் பார்த்து வரி போடும்படி ப்ரோக்ராமை மாற்றியாக வேண்டும். மறுபடி 41 கடை, பைக், பென் டிரைவ்.

ராத்திரி ஒன்பது மணிக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, ஃபோன்ல இருக்கிற வாட்ஸ்அப் தன்னால அப்டேட் ஆவுது. உங்க ப்ரோக்ராம் மட்டும் எதுக்கு பைக்ல போவுது?”

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் படித்தவன் நான். கேட்டது அவள்.

* * *

இந்த ‘தன்னால அப்டேட்’ சமாசாரம் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் அல்ல. ஃபிளாப்பியும் சி.டி.யும் ஓடிய நாளில் புது வெர்ஷன் என்றால் யாராவது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். விண்டோஸ் 98 வந்தபோதுதான் இண்டர்நெட்டில் போய்ப் புதுசு இறக்கிக்கொள்ளும் ‘விண்டோஸ் அப்டேட்’ கூடவே வந்தது. இன்று மிக்ஸிக்கும் டி.வி.க்கும்கூட அப்டேட் வருகிறது.

விஷயம் கேட்க ரொம்ப சுலபம். இண்டர்நெட்டில் ஒரு ஸர்வரில் சின்னதாக ஒரு ஃபைல் வைக்க வேண்டியது. அதில் ஒரே ஒரு வரி - கடைசியாக வந்த வெர்ஷனின் நம்பர். கடையில் இருக்கும் ப்ரோக்ராம் தினம் ஒரு தடவை அந்த ஃபைலைப் படிக்கும். ‘நான் 1.7. அங்கே புதுசு ஏதாவது உண்டா?’ அங்கே 1.8 என்று இருந்தால், ‘முதலாளி, புதுசு வந்திருக்கு, போட்டுக்கலாமா?’ என்று திரையில் கேட்கும். இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. அவ்வளவுதான். இருபது, முப்பது வரி ப்ரோக்ராம். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்தேன். கடைசியாக ஒரு தடவை 41 கடைக்கும் பைக்கில் போய் அதைப் போட்டுவிட்டு வந்தேன். பென் டிரைவை டிராயருக்குள் தூக்கிப் போட்டேன். விடுதலை!

விடுதலை மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் சந்தை. விடியற்காலையிலிருந்தே கூட்டம் நெரியும். அன்றைக்குப் பார்த்து யாரோ ரோட்டைத் தோண்டி கேபிளை அறுத்துவிட்டார்கள். இண்டர்நெட் இல்லை. ‘நமக்கென்ன, பில் போட இண்டர்நெட் வேண்டாமே’ என்று நான் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன்.

“தம்பி, பில்லு மெஷின் தொறக்கவே மாட்டேங்குது. பாஞ்சு பேர் நிக்கிறாங்க கடை வாசல்ல!”

என்ன ஆச்சு? நான் எழுதியிருந்த வரிசை அப்படி. ப்ரோக்ராமைத் திறந்ததும் முதல் காரியம், ஸர்வரிடம் ‘புதுசு உண்டா?’ பதில் வந்த பிறகுதான் பில் போடும் திரை. ஸர்வர் இருந்தால் பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். இல்லாவிட்டால்? இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று ஒன்றரை நிமிஷம் காத்திருந்தது. ஒன்றரை நிமிஷம் சந்தை நாளில் எவ்வளவு நீளம் என்பது கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். கடைக்காரர் பொறுமை இழந்து மூடிவிட்டுத் திரும்பத் திறப்பார். அது மறுபடி முதலிலிருந்து காத்திருக்கும்.

அன்றே மாற்றினேன். முதலில் பில் திரை. அதற்கப்புறம், யாருக்கும் தெரியாமல் பின்னாலிருந்து, ஸர்வரிடம் கேள்வி. ஐந்து வினாடியில் பதில் வராவிட்டால் பேசாமல் போய்விட்டு நாளைக்கு வா. விருந்தாளி மாதிரி நடந்துகொள்ள வேண்டும் சார். சமையல்கட்டுக்குள் போய் நிற்கக் கூடாது.

* * *

அடுத்த கூத்து இதைவிட விசேஷம். 1.9-க்கு அப்புறம் 1.10 தயார் செய்தேன். ஸர்வரில் நம்பரை மாற்றினேன். காத்திருந்தேன். ஒரு கடையிலும் அசைவில்லை. ஃபோன் செய்து கேட்டால், “புதுசா ஒண்ணும் கேக்கலியே தம்பி.”

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. வெர்ஷன் நம்பரை நான் எண்ணாக ஒப்பிடாமல், எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறேன். அகராதி வரிசை மாதிரி, இடமிருந்து வலம் ஒவ்வொரு எழுத்தாக. 1.10, 1.9 இரண்டிலும் முதலில் 1, அப்புறம் புள்ளி. அதுவரை சமம். அடுத்தது? இங்கே 1, அங்கே 9. ஒன்று பெரிசா, ஒன்பது பெரிசா? ஒன்பது! ஆகவே 1.10 என்பது 1.9-ஐ விடப் பழசு என்று என் ப்ரோக்ராம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆபீசில் எக்ஸெலில் 1, 10, 11, 2 என்று வரிசை வந்து தலையைச் சொறிந்திருப்பீர்களே, அதே வியாதி. புள்ளிக்கு முன்னால் இருப்பதைத் தனி எண், பின்னால் இருப்பதைத் தனி எண் என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, திருத்திவிடலாம். ஆனால் திருத்தினதை அனுப்புவது எப்படி? வாசலில் நிற்கிற காவல்காரனுக்கே கண் சரியில்லை. கண்ணாடி கொண்டுவருகிறவனை அவன் உள்ளே விடமாட்டேன் என்கிறான்! மறுபடி பைக்கா? யோசித்தேன். புது வெர்ஷனுக்கு 2.0 என்று பெயர் வைத்தேன். எழுத்தாகப் பார்த்தாலும் 1-ஐ விட 2 பெரிசு. 40 கடையில் மடமடவென்று இறங்கிவிட்டது. (41-வது? பொறுங்கள்.) கடைக்காரர்களோ, “என்ன தம்பி, ரெண்டு பாயிண்ட் ஸீரோவா! புதுசா இன்னா வெச்சிருக்கே?” என்று ஆவலாகக் கேட்டார்கள். ‘கூட்டல் தெரியாத ஒருத்தனுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்’ என்றா சொல்ல முடியும்? “நெறைய இருக்கு அண்ணே” என்று சமாளித்தேன்.

நமக்கு மட்டுமா இந்த அவமானம்? 2009-ல் ‘ஓபரா’ என்ற பிரௌஸரின் பத்தாவது வெர்ஷன் வந்தபோது, பல வெப்ஸைட்டுகள் முதல் இலக்கத்தை மட்டும் படித்துவிட்டு 10-ஐ 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் அந்த பிரௌஸர், தன்னை 9.80 என்று பொய் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டது. வயசைக் குறைத்துச் சொல்வது சினிமாக்காரர்களிடம் மட்டும் இல்லை.

இனி அந்த 41-வது கடை. மளிகைப் பெரியவர்தான்.

அப்டேட் வசதியை விளக்கியபோது எல்லாரும் ‘சரி’ என்று தலையாட்டினார்கள். இவர் மட்டும் கேட்டார்:

“என் மெஷின் உன் மெஷின்கிட்ட என்ன பேசும்?”

“புதுசு இருக்கான்னு கேக்கும் ஐயா. அவ்வளவுதான்.”

“என் பேர் சொல்லுமா?”

தொண்டையில் முள் மாட்டினது போல ஆயிற்று. ஏனென்றால், சொல்லும். எந்தக் கடையில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதியாக, கேள்வியோடு கடை பெயரையும் லைசென்ஸ் நம்பரையும் சேர்த்து அனுப்பும்படி எழுதியிருந்தேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் யாரிடமும் கேட்கவும் இல்லை. பெரியவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

“இன்னிக்குப் பேரு. நாளைக்கு என் கொள்முதல் கணக்கு. அப்டித்தானே?” என்றவர், இண்டர்நெட் வயரைப் பிடுங்கி சுருட்டி கல்லாவுக்குப் பின்னால் போட்டுவிட்டார். “நீ புதுசு வெச்சிருந்தா நீயே வா.”

மற்ற 40 கடையிலும் அந்தப் பெயர் அனுப்பும் வரியை அடுத்த வெர்ஷனிலேயே நீக்கினேன். இப்போது என் ஸர்வருக்குத் தெரிவதெல்லாம், இந்த இண்டர்நெட் முகவரியிலிருந்து இந்த நேரத்தில் யாரோ ஃபைலைப் படித்தார்கள் என்பதுதான். அதுவும் தெரியாமல் செய்ய முடியாது. அதை பில் திரையில் ‘உதவி’ பக்கத்தில் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆனால் பெரியவர் வயரைப் பிடுங்கினது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் இந்த மனுஷனுக்கு இவ்வளவு பயம் என்று அப்டேட் சமாசாரங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க பயம் எனக்கு வந்துவிட்டது.

2017 ஜூன் 27. நம் நாட்டில் ஜி.எஸ்.டி.க்கு நான்கு நாள் இருக்கும்போது, உக்ரைனில் ஒரு சம்பவம். அங்கே ‘எம்.இ.டாக்’ என்று ஒரு வரிக் கணக்கு ஸாஃப்ட்வேர். நம் ஊர் பில் ஸாஃப்ட்வேர் மாதிரிதான், ஆனால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடியது. அந்தக் கம்பெனியின் அப்டேட் ஸர்வருக்குள் சில மாதம் முன்பே எதிரிகள் புகுந்து, அப்டேட் ஃபைலுக்குள்ளேயே ரகசியக் கதவு ஒன்றை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கதவு வழியாக ‘நாட்பெட்யா’ என்ற வைரஸை இறக்கினார்கள். யாரும் திருட்டு சி.டி. போடவில்லை. கண்ட மெயிலைத் திறக்கவில்லை. அப்டேட் வந்தது, ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு!

உக்ரைனோடு நிற்கவில்லை. கப்பல் கம்பெனி ‘மேர்ஸ்க்’ இருக்கிறதே, அவர்கள் 45,000 கம்ப்யூட்டரையும் 4,000 ஸர்வரையும் பத்தே நாளில் புதுசாக நிறுவ வேண்டி வந்தது. நம் மும்பை பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் கன்டெய்னர் முனையமும் முடங்கியது. மொத்த நஷ்டம் உலகம் பூரா ஆயிரம் கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க அரசாங்கம் கணக்குச் சொன்னது. இதில் வேடிக்கை, மேர்ஸ்க் நெட்வொர்க்குக்கு ஆதாரமான முக்கிய ஸர்வர்கள் எல்லாம் போய், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அந்தக் கணக்கில் பார்த்தால், 2012-ல் நம் தமிழ்நாட்டை எந்தக் கொம்பனாலும் அசைத்திருக்க முடியாது.

நான் வியர்த்துப் போனேன். என் ஸர்வர், மாசம் சில நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்தது. அதன் பாஸ்வேர்டு என் பையன் பெயரும் பிறந்த வருஷமும். அதை எவனாவது கண்டுபிடித்து, என் ஃபைலை எடுத்துவிட்டு அவன் ஃபைலை வைத்தால்? மறுநாள் காலை 40 கடை கல்லாவில் அவன் உட்கார்ந்திருப்பான். கடை எல்லாம் என்னை நம்பித் திறந்த கதவு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போயிருந்தேன். (2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் வரிசையில் சேர்ந்த பிறகு வெளியூர்க் கூட்டம் ஜாஸ்தி. அன்றைக்கு நாங்களும் குரங்குகளும்தான்.) ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில், மலை இரண்டாகப் பிளந்தாற்போல ஒரு பள்ளம் வரும். குறுக்கே பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஈ, காக்கை போக முடியாது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை.

பையன் கேட்டான், “அப்பா, பாலத்தை எடுத்துட்டா ராஜாவுக்கு லெட்டர் எப்படிப் போகும்?”

“முத்திரை பார்த்து விடுவாங்கடா. ராஜாவோட மோதிர முத்திரை ஓலைல இருந்தா பாலத்தைப் போடுவாங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதைத்தானே கம்ப்யூட்டர்காரர்கள் ‘டிஜிட்டல் கையெழுத்து’ என்கிறார்கள்!

அது இப்படி. இரண்டு சாவி. ஒன்று ரகசியச் சாவி, என்னிடம் மட்டும். இன்னொன்று பொதுச் சாவி, 40 கடை ப்ரோக்ராமுக்குள்ளும் இருக்கும். புது வெர்ஷனை அனுப்புமுன் என் ரகசியச் சாவியால் அதற்கு முத்திரை குத்துவேன். கடையில் இருக்கும் ப்ரோக்ராம், பொதுச் சாவியால் முத்திரையைச் சோதிக்கும். ஃபைலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது, குப்பையில் போட்டுவிடும். பொதுச் சாவியை வைத்துக்கொண்டு சோதிக்கலாமே தவிர, முத்திரை குத்த முடியாது. ஸர்வரையே எவனாவது பிடித்தாலும் ஓலையை மாற்றலாம், மோதிரம் கிடைக்காது.

முக்கியமான விஷயம், மோதிரத்தை ஸர்வரிலேயே வைக்கக் கூடாது. என்னுடையது ஒரு தனி பென் டிரைவில், என் மனைவியின் நகைப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டிலேயே பாதுகாப்பான இடம் அது. எனக்கே சுலபத்தில் கிடைக்காது.

இதுவும் முழுக் கவசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் அமெரிக்காவில் ‘சோலார்விண்ட்ஸ்’ என்ற கம்பெனியில், முத்திரை குத்துவதற்கு முன்னாலேயே ப்ரோக்ராமுக்குள் விஷத்தைக் கலந்துவிட்டார்கள். கம்பெனியே அசல் முத்திரை குத்தி சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி வைத்தது. ஆகவே, நான் ப்ரோக்ராம் எழுதும் கம்ப்யூட்டரில் பையன் கேம்ஸ் விளையாடுவது அன்றோடு நின்றது. வீட்டில் ஒரு வாரம் ஒத்துழையாமை இயக்கம்.

எதிரியே வேண்டாம், நாமே போதும் என்பதற்கும் உதாரணம் வந்தது. 2024 ஜூலை 19. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு ஸாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. நம் ஏர்போர்ட்டுகளில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் எல்லாரும் ஒரே நேரத்தில் விழுவார்கள்.

அதனால் என் ப்ரோக்ராமில் ஒரு தாயக்கட்டை வைத்தேன். ஒவ்வொரு கடையிலும் ப்ரோக்ராம் தனக்குத் தானே 1-லிருந்து 100-க்குள் ஒரு எண் போட்டுக்கொள்ளும். ஸர்வர் ஃபைலில் வெர்ஷன் நம்பரோடு இன்னொரு எண்ணும் இருக்கும். முதல் நாள் 10 என்று வைப்பேன். பத்துக்குக் கீழே எண் உள்ள கடைகள் மட்டும் போட்டுக்கொள்ளும். திட்டு வராவிட்டால் 50. அப்புறம் 100. யார் எந்த எண் என்பது எனக்கே தெரியாது. ஒருத்தரைத் தவிர. என் மச்சான் கடைக்கு நானே கையால் 1 என்று போட்டு வைத்திருக்கிறேன். அவர் எவ்வளவு திட்டினாலும் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

இத்தனையும் பலித்த நாள் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 3 ராத்திரி, ஜி.எஸ்.டி. விகிதங்கள் தலைகீழாக மாறுவதாக அறிவித்தார்கள். 12-ம் 28-ம் போய், பெரும்பாலும் 5, 18. நெய் 12-லிருந்து 5. பிஸ்கெட், சோப்பு, ஷாம்பு 18-லிருந்து 5. சிமெண்ட் 28-லிருந்து 18. அமல் செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். 2017 ஞாபகத்தில் முதுகு தானாக வலித்தது.

ஆனால் இந்தத் தடவை வரி அட்டவணையை ப்ரோக்ராமிலிருந்து பிரித்துத் தனி ஃபைலாக்கியிருந்தேன். ஒவ்வொரு விகிதத்தோடும் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று ஒரு கட்டம். 17-ம் தேதி அரசாங்க அறிவிக்கை வந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, நகைப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, முத்திரை குத்தி, மறுநாள் மச்சான் கடைக்கு அனுப்பினேன். 20-ம் தேதி ராத்திரிக்குள் 40 கடையிலும் இறங்கியிருந்தது. இறங்கிய பிறகும் பழைய வரியே போட்டுக்கொண்டிருந்தது. 21 ராத்திரி 12 மணிக்குத் தேதி மாறியதும் புது வரி. 22-ம் தேதி காலையில் எட்டிலிருந்து ஒன்பது மணி வரை ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது ஒரே ஒரு தடவை. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டார்.

பெரியவர் கடைக்கு 21-ம் தேதி சாயங்காலமே போய்விட்டேன். பைக்கில்தான். கடையைச் சாத்தும் நேரம். டீ சொன்னார். வயர் அதே இடத்தில், அதே சுருட்டலோடு, ஒரு பல்லி சகிதம் இருந்தது. நகைப் பெட்டி, முத்திரை, தாயக்கட்டை எல்லாக் கதையையும் சொன்னேன். பெயர் அனுப்புவதை எடுத்துவிட்டதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நல்லா செஞ்சிருக்கே” என்றார்.

“அப்ப வயரை மாட்டிடலாமா ஐயா?”

“அடுத்த வருஷம் பாப்போம்.”

சரி என்று பையிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்த வேற எவன் மெஷின்லயாவது சொருகினியா?”

“இல்லீங்க ஐயா. புதுசு. காலையில வாங்கினது. கவர்கூட இதோ இருக்கு.”

கவரை வாங்கிப் பார்த்தார். அப்புறம்தான் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.